இடிஞ்சு போன விக்டோரியன் வில்லாவ ஒரே ஒரு பழைய போட்டோவ வச்சு கண்டுபிடிக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரெண்டு பவுண்டு. குரோய்டன் பக்கம் ஒரு கார் பூட் சேல்ல (கார் டிக்கிய திறந்து வச்சு பழைய சாமான் விக்கற சந்தை), கறுத்துப் போன ஸ்பூன், ஓடாத வாட்ச் எல்லாம் கொட்டி வச்சிருந்த டப்பாக்குள்ள கிடந்துச்சு அந்த அட்டை. பழுப்பேறிப் போன ஒரு வீட்டு போட்டோ. ரெண்டு மாடி, மேல கூரைக்குள்ள ஒரு குட்டி ஜன்னல், இடது பக்கம் கீழயும் மேலயும் முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கற பே விண்டோ, வலது பக்கம் இரும்பும் கண்ணாடியுமா ஒரு கன்சர்வேட்டரி. வாசப்படியில ஒரு பொண்ணு நிக்கறா. பக்கத்துல ஒரு நாய், எக்ஸ்போஷர் நேரத்துல தலைய திருப்பிருக்கும் போல, அதுக்கு ரெண்டு தலை. கேட் தூண்ல வீட்டுப் பேரு எழுதியிருக்கு, ஆனா 'தி'ங்கற வார்த்தையும் அடுத்த வார்த்தையோட முதல் எழுத்தான 'எல்'லும் மட்டும் தான் தெரியுது, மிச்சத்த ஐவி கொடி மூடிடுச்சு.

இத வச்சு வீடு எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒழுங்கா செஞ்சிருந்தா நாலு வீக்கெண்ட் போதும், அதான் இத எழுதறேன். லண்டன்லயோ இங்கிலாந்துல வேற ஊர்லயோ இருக்கறவங்க கையில இந்த மாதிரி ஒரு போட்டோ சிக்கினா அப்படியே ஃபாலோ பண்ணலாம், நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டும் முக்கால்வாசி ஆன்லைன்லயே முடிச்சுடலாம்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். தேடும்போது வீட்டையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. வீடு போயிடுச்சு. மரம், மதில், தெருவோட சரிவு, வெயில் விழற பக்கம், இதெல்லாம் தான் இன்னும் இருக்கு. நான் முதல் ஆறு மாசம் ஜன்னலையும் கூரையையும் மட்டும் உத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன், அது மாதிரி ஜன்னல் தெற்கு லண்டன்ல தெருவுக்குத் தெரு இருக்கு.

படி 1: முதல்ல ஸ்கேன் பண்ணுங்க

ஈரத் துணியால துடைக்காதீங்க, லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. அந்தக் காலத்து பிரிண்ட் பெரும்பாலும் ஆல்புமன், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசின மெல்லிசு பேப்பர அட்டையில ஒட்டினது, தண்ணி பட்டா கதை முடிஞ்சுது. 1200 டிபிஐல ஸ்கேன், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். பின்பக்கத்த சும்மா விட்டுடுவாங்க நிறைய பேர், ஆனா ஸ்டுடியோ பேர், பென்சில் கிறுக்கல் எல்லாம் அங்க தான் இருக்கும். பென்சில் அழிஞ்ச மாதிரி இருந்தா ரூம் லைட்ட அணைச்சிட்டு செல்போன் டார்ச்ச பக்கவாட்டுல, அட்டையோட கிட்டத்தட்ட படுக்க வச்சு அடிங்க, எழுத்து அழுந்தின பள்ளம் நிழலா தெரியும். என் அட்டையில அப்படித் தான் ஒரு '95' கிடைச்சுது. விலையா வருஷமான்னு அப்போ புரியல.

படி 2: அட்டையோட வயசு

அளவு எடுங்க. ஏறக்குறைய 64க்கு 100 மில்லிமீட்டர் இருந்தா அது கார்ட் டி விசிட், 1854ல பாரிஸ்ல டிஸ்டெரிங்கற போட்டோகிராபர் பேட்டன்ட் வாங்கின சைஸ், 1860கள்ல இங்கிலாந்தே பைத்தியமா வாங்கிச்சு. 108க்கு 165ன்னா கேபினட் கார்டு, அது 1866 வாக்குல வந்து அந்த நூற்றாண்டு முடியற வரைக்கும் ஓடிச்சு. மெல்லிசு அட்டை, கூரான மூலைன்னா ஆரம்ப காலம், மூலைய உருட்டி வெட்டியிருந்தா பிந்தினது, தடிப்பா ஓரத்துல தங்கப் பூச்சோட இருந்தா 1880, 90கள் பக்கம் போகுதுன்னு வச்சுக்கலாம். இது தோராயம் தான், ஸ்டுடியோக்காரன் பழைய ஸ்டாக் அட்டைய தீருற வரைக்கும் ஓட்டுவான்.

போஸ்ட்கார்டா இருந்தா வேலை சுலபம். பின்னாடி நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் அட்ரஸ், ஒரு பக்கம் சேதின்னு பிரிச்சது பிரிட்டன்ல 1902ல இருந்து தான். அரை பென்னி ஸ்டாம்ப்புன்னா 1918 ஜூனுக்கு முந்தி, அதுக்கப்புறம் ஒரு பென்னி ஆயிடுச்சு.

படி 3: படத்தப் படிக்கறது

ரெண்டு தேதிய குழப்பிக்காதீங்க. வீடு கட்டின வருஷம் வேற, போட்டோ எடுத்த வருஷம் வேற. விக்டோரியா ராணி 1837ல இருந்து 1901 வரைக்கும் ஆட்சியில இருந்தாங்க, அந்த 63 வருஷத்துல வீடு கட்டற ஸ்டைல் எத்தனையோ தடவை மாறிடுச்சு.

கட்டின காலத்துக்கு ஜன்னல் கண்ணாடி நல்ல குறி. கண்ணாடி மேல இருந்த வரி 1845ல போச்சு, ஜன்னல் எண்ணி வாங்கின வரி 1851ல போச்சு, செங்கல் வரி நடுவுல 1850ல. அதுக்கப்புறம் தான் சாதாரண பணக்காரன் கூட பெரிய ஒத்தைக் கண்ணாடி போட்ட சாஷ் ஜன்னல் (மேலயும் கீழயும் நகர்த்தித் திறக்கறது) வச்சான், அதுக்கு முந்தி சின்னச் சின்ன சதுரமா தான் இருக்கும். ஓரத்துல ஒரு சதுர டவர், தட்டையான கூரை, வெள்ளைப் பூச்சுன்னா இத்தாலிய ஸ்டைல், ராணிக்கு வைட் தீவுல ஆஸ்போர்ன் மாளிகை கட்டினத பாத்து எல்லாரும் காப்பி அடிச்சது. கூரை முக்கோணத்துக்குக் கீழ மரத்துல லேஸ் மாதிரி செதுக்கின பலகை, கூர்மையான வளைவு, சிவப்பும் மஞ்சளும் கலந்த செங்கல் வரின்னா கோதிக் சாயல், 1850, 60கள். என் வீடு ரெண்டாவது ரகம்.

போட்டோ எடுத்த காலத்துக்கு ஆளுங்களப் பாருங்க. வாசப்படியில நின்னவளோட சட்டைக் கை தோள்ல பலூன் மாதிரி உப்பி, முழங்கைக்குக் கீழ ஒட்டிப் பிடிச்சிருந்துச்சு. அந்த ஃபேஷன் 1895, 96ல தான் உச்சத்துல இருந்துச்சு. அப்போ தான் அந்த பென்சில் '95'க்கு அர்த்தம் புரிஞ்சுது, ராத்திரி பதினொரு மணிக்கு எந்திரிச்சு டீ போட்டேன்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், வெயில். இங்கிலாந்துல சூரியன் எப்பவுமே தெற்குப் பக்கமா தான் போகும், நம்ம ஊர் மாதிரி தலைக்கு மேல வராது. அதனால வடக்கு பாத்த முகப்புல நல்ல வெயில் விழவே விழாது, கோடையில விடிகாலை சாயங்காலம் கொஞ்சம் பட்டாலே பெருசு. உங்க போட்டோல முகப்பு பளிச்சுன்னு இருந்து, பே விண்டோவோட நிழல் செவுத்துல கூர்மையா விழுந்தா அது வடக்கு பாத்த வீடு இல்ல. என்னோடதுல நிழல் வலது பக்கம் விழுது, அதாவது வெயில் இடது பக்கத்துல இருந்து வருது. ஒண்ணு தெற்கு பாத்த வீடா இருந்து மத்தியானத்துக்கு மேல எடுத்திருக்கணும், இல்லன்னா கிழக்கு பாத்த வீடா இருந்து காலையில எடுத்திருக்கணும். ஒரு பேப்பர்ல நீங்க கேமராவோட நிக்கற மாதிரி வரைஞ்சு பாருங்க, டக்குனு புரியும். இந்த ஒரே நிழல வச்சு பின்னாடி மேப்ல பாதி வீட்டுக்கு மேல கழிச்சுக் கட்டினேன்.

அப்புறம் மரம். என் போட்டோல இடது ஓரத்துல ஒரு விசித்திரமான மரம், கிளை ஒவ்வொண்ணும் பாம்பு வால் மாதிரி வளைஞ்சு, இலை இருக்க வேண்டிய எடத்துல செதில் செதிலா. அது மங்கி பசில், சிலி நாட்டு மரம். ஆர்ச்சிபால்ட் மென்சிஸ்னு ஒருத்தர் 1795ல பிரிட்டனுக்கு கொண்டு வந்தாரு, விக்டோரியன் காலத்துல முன் தோட்டத்துல அது இல்லன்னா கௌரவக் குறைச்சல்ங்கற அளவுக்கு வச்சாங்க. மங்கி பசில், செடார், வெலிங்டோனியா இது மூணுல எது இருந்தாலும் சிவப்பு இங்க்ல வட்டம் போடுங்க. இதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல நிக்கும், வீட்ட இடிக்கறவன் கூட பெரும்பாலும் மரத்த விட்டுட்டுப் போயிடுவான்.

படி 4: ஸ்டுடியோ பேர நம்பி ஏமாறாதீங்க

நான் சறுக்கின எடம் இது. அட்டைக்குப் பின்னாடி ஸ்டுடியோ அட்ரஸ் நார்வுட்னு இருந்துச்சு, உடனே வீடும் நார்வுட்ல தான்னு முடிவு பண்ணி மூணு மாசம் நார்வுட் தெரு ஒவ்வொண்ணா அலசினேன். ஆனா வீட்ட எடுக்கச் சொன்னா போட்டோகிராபர் வண்டி பிடிச்சு அஞ்சாறு மைல் கூட போவாரு. ஸ்டுடியோ அட்ரஸ் வருஷத்துக்கு மட்டும் தான் உதவும்: எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் அந்த எடத்துல கடை வச்சிருந்தாருன்னு பாத்தா போட்டோவோட எல்லை கிடைக்கும். 1841ல இருந்து 1908 வரைக்கும் லண்டன்ல தொழில் பண்ண போட்டோகிராபர்களுக்குன்னே போட்டோலண்டன்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு. ஊர தேடறதுக்கு ஸ்டுடியோவ சுத்தி ஒரு வட்டம் போட்டுக்கோங்க, புள்ளி வைக்காதீங்க.

என் வட்டத்துக்குள்ள நார்வுட், டல்லிச், சிட்னம் எல்லாம் வந்துச்சு (எழுத்துல பாத்தா சிடென்ஹாம், வாயில சிட்னம்). இந்த மலைமுகடு முழுக்க ஒரு காலத்துல வில்லாக்கள் தான். 1839ல ரயில் வந்துச்சு, ஹைட் பார்க்ல 1851 கண்காட்சிக்குக் கட்டின கிரிஸ்டல் பேலஸ்ங்கற கண்ணாடி மாளிகைய பிரிச்சு கொண்டு வந்து இன்னும் பெருசாக்கி 1854 ஜூன்ல இங்க திறந்தாங்க, அவ்வளவு தான், நல்ல காத்து, நல்ல வியூ, பக்கத்துலயே வேடிக்கைன்னு காசு உள்ளவன் எல்லாம் மேட்டுல வீடு கட்டினான். 1936 நவம்பர் 30 ராத்திரி பேலஸ் எரிஞ்சு போச்சு, வில்லாக்கள் அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா போச்சு.

இந்த மாதிரி ஏரியாவா இருந்தா வேற யாராவது அந்தத் தெருவ பதிஞ்சு வச்சிருக்காங்களான்னும் பாருங்க. பிரெஞ்சு ஓவியர் பிசாரோ 1871ல சிட்னம் அவென்யூவ வரைஞ்சாரு, அது நேஷனல் கேலரில தொங்குது. எழுத்தாளர் எமில் சோலா பிரான்ஸ்ல இருந்து தப்பி வந்து 1898, 99ல அப்பர் நார்வுட்ல தங்கியிருந்தப்ப கேமராவும் கையுமா தெருத் தெருவா எடுத்துத் தள்ளியிருக்காரு. என் வீடு ரெண்டு பேரோட படத்துலயும் இல்ல, ஆனா பாத்த நேரம் வீண் இல்ல.

படி 5: மேப்

இங்க தான் நிதானமா உக்காரணும். ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி வெப்சைட்ல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசாங்கத்தோட மேப் போடற அமைப்பு) மேப் எல்லாம் ஃப்ரீ, இங்கிலாந்துக்கும் சேத்து. ஒரு மைலுக்கு 25 இன்ச் மேப்ல பெரிய வீடுங்களோட பேரே அச்சடிச்சிருக்கும். லண்டன்னா அதுக்கும் மேல, 1890கள்ல ஒரு மைலுக்கு அஞ்சு அடி ஸ்கேல்ல போட்ட மேப் இருக்கு. அதுல பே விண்டோவோட புடைப்பு, வாசப்படி, தோட்டத்துப் பாதை, கண்ணாடி வீடு, ஒவ்வொரு மரம், எல்லாம் தெரியும். ஊசியிலை மரத்துக்கும் மத்த மரத்துக்கும் குறி வேற.

நான் செஞ்ச விதம் இது. போட்டோவ பாத்து ஒரு பேப்பர்ல வீட்டோட தரைப்படம் கிறுக்கினேன்: இடது பக்கம் பே, வலது பக்கம் கண்ணாடி வீடு, இடது முன் மூலையில ஊசியிலை மரம், கேட்ல இருந்து வாசலுக்கு வளைஞ்ச பாதை, தெரு வலது பக்கம் இறங்குது (மதிலோட செங்கல் வரி படிப்படியா கீழ போறத வச்சு). அப்புறம் மேப்ல தெற்கு இல்ல கிழக்கு பாத்த வீடுங்கள மட்டும் வரிசையா பாத்துக்கிட்டே போனேன். மேப்ல வீட்ட நீங்க மேல இருந்து பாக்கறீங்க, போட்டோல முன்னாடி இருந்து பாக்கறீங்க, அதனால மேப்ப திருப்பி வீட்டு முகப்பு உங்கள பாக்கற மாதிரி வச்சுக்கோங்க. இத பண்ணாம நான் ஒரு வாரம் இடத்த வலமாவும் வலத்த இடமாவும் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசியில சிட்னம் பக்கம் நாலு வீடு மிஞ்சுச்சு. ஒண்ணுக்கும் பேர் அச்சாகல.

அதே வெப்சைட்ல பழைய மேப்பையும் இப்போதைய சேட்டிலைட் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலாம், கர்சர் ரெண்டுலயும் ஒரே எடத்துல நகரும். 1919க்கு அப்புறம் மேல இருந்து எப்படி இருந்துச்சுன்னு பாக்க 'பிரிட்டன் ஃப்ரம் அபவ்'னு ஏரோஃபிலிம்ஸ் கம்பெனி விமானத்துல இருந்து எடுத்த படங்கள் இருக்கு, ரிஜிஸ்டர் பண்ணா நல்லா ஜூம் ஆகும்.

படி 6: டைரக்டரி

கெல்லீஸ் டைரக்டரி மாதிரி புத்தகங்கள்ல தெரு வாரியா யாரு எந்த வீட்டுலன்னு இருக்கும். லெஸ்டர் யுனிவர்சிட்டி நிறைய வால்யூம ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா போட்டிருக்காங்க, 1910கள் வரைக்கும். வில்லாக்களுக்கு அப்போ நம்பர் கிடையாது, பேரு தான். தெருப் பேரு கூட மாறியிருக்கும், நம்பர் போட்டதுக்கு அப்புறம் மறுபடியும் மாத்தியிருப்பாங்க, அதனால இன்னைக்கு இருக்கற 42ம் நம்பர் அன்னைக்கு 42 இல்ல. நம்ம ஊர்ல பழைய எண் புதிய எண்ணு ரெண்டையும் போர்டுல போடற மாதிரின்னு வச்சுக்கோங்க, இங்க பழசு போர்டுல இருக்காது.

ஆனா கெல்லீஸ்ல ஒரு அருமையான விஷயம் இருக்கு. பேர் பட்டியலுக்கு நடுநடுவுல 'இங்கே இன்ன ரோடு வருது'ன்னு குறுக்குத் தெருவ சொல்லிக்கிட்டே போவாங்க. அதாவது பட்டியல்ங்கறது தெருவுல நடந்து போற மாதிரியே இருக்கு. மேப்ப ஒரு பக்கம், டைரக்டரிய ஒரு பக்கம் வச்சு விரல் வச்சு நடங்க. எனக்கு மிஞ்சின நாலு வீடும் இருக்கற தெருக்கள்ல 'தி'ன்னு ஆரம்பிச்சு 'எல்'ல தொடர்ற பேர் மூணு: தி லாரல்ஸ், தி லைம்ஸ், தி லாட்ஜ். மூணும் விக்டோரியன் இங்கிலாந்துல தெருவுக்கு ஒண்ணுங்கற அளவுக்கு சாதாரண பேர், நம்ம ஊர் 'அன்னை இல்லம்' மாதிரி. இதுல லைம்ஸ் மட்டும் தான் ரெண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவுல, தெற்கு பாத்த வரிசையில, ஊசியிலை மரம் போட்ட அந்த வீட்டுல வந்து நின்னுச்சு.

படி 7: உள்ள இருந்தவங்க

பேர் கிடைச்சதும் சென்சஸ். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, 1841ல இருந்து 1921 வரைக்கும் பாக்கலாம் (1921 ரெக்கார்டு 2022 ஜனவரில தான் திறந்தாங்க, நூறு வருஷம் பூட்டி வைக்கறது இங்க சட்டம்). 1931 சென்சஸ் 1942ல தீயில போயிடுச்சு, 1941ல போருன்னு எடுக்கவே இல்ல, அதனால நடுவுல 1939 செப்டம்பர்ல எடுத்த ரிஜிஸ்டர் தான் துணை. காசு கட்டற சைட்டுங்கள பல லைப்ரரிகள்ல ஃப்ரீயா பாக்கலாம், லண்டன்ல கியூங்கற எடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்லயும் பாக்கலாம். 1911 படிவத்துல வீட்டுல எத்தனை ரூம்னு ஒரு காலம் இருக்கு, பாத்ரூம், நடை, பாத்திரம் கழுவற ரூம் எல்லாம் சேக்காம. வீட்டோட சைஸ் சரிபாக்க அது ரொம்ப உதவும்.

என் வீட்டுல 1891லயும் 1901லயும் ஒரே குடும்பம், சரக்கு தரகர், மனைவி, பிள்ளைங்க அஞ்சு பேர், சமையக்காரி ஒண்ணு, ஹவுஸ்மெய்ட் ஒண்ணு. அந்த ஹவுஸ்மெய்டுக்கு 1891ல வயசு 15, நார்ஃபோக்ல பிறந்தவ. வாசப்படியில நிக்கறது அவ தானான்னு ஆசையா தான் இருக்கும், ஆனா அப்படி எழுதி வைக்கக் கூடாது, அந்த உப்பின சட்டைக் கை வீட்டு மூத்த பொண்ணாவும் இருக்கலாம்.

அதிகமா யாரும் தொடாத ஒண்ணு சொல்றேன். 1910ல இருந்து 1915 வரைக்கும் நில வரிக்காக நாடு முழுக்க ஒவ்வொரு சொத்தையும் அதிகாரிங்க போய் பாத்து நோட்டுல எழுதினாங்க. அந்த ஃபீல்டு புக் கியூல ஐ.ஆர். 58ங்கற வரிசையில இருக்கு. ரூம் கணக்கு, வாடகை, வீட்டோட நிலைமை எல்லாம். முதல்ல மேப்ல சொத்து நம்பர கண்டுபிடிக்கணும், அப்புறம் தான் நோட்டு, அரை நாள் ஆகும். நோட்டு கைக்கு வந்தப்ப என் வீட்டு பக்கத்துல பென்சில்ல கன்சர்வேட்டரி பழசுன்னு குறிச்சிருந்துச்சு. 1895ல அவ்வளவு பவிசா நின்ன கண்ணாடி வீடு!

நியூஸ்பேப்பர் ஆர்கைவ்ல வீட்டுப் பேரையும் தெருப் பேரையும் சேத்து தேடுங்க, ஏல விளம்பரம் வரும். வேலைக்கு ஆள் தேவைன்னு வீட்டம்மா போட்ட விளம்பரம் அதவிட நிறைய வரும்.

படி 8: எப்போ போச்சு, ஏன் போச்சு

இங்க யாரக் கேட்டாலும் 'குண்டு விழுந்துச்சு'ம்பாங்க. சும்மா நம்பாதீங்க. லண்டன் கவுன்டி கவுன்சில் போர்க்காலத்துல கலர் அடிச்ச மேப் வச்சிருந்தாங்க: கறுப்புன்னா முழுசா அழிஞ்சது, ஊதான்னா சரி பண்ணவே முடியாதது, அப்புறம் சிவப்பு ரெண்டு வகை, ஆரஞ்சு, மஞ்சள்னு சேதம் குறைஞ்சுக்கிட்டே வரும். பெரிய வட்டம் வி-1, சின்ன வட்டம் வி-2 (ஜெர்மன்காரன் விட்ட பறக்கற குண்டும் ராக்கெட்டும்). என் வீடு ஆரஞ்சு. ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வட்டம், அதோட அதிர்வுல கண்ணாடி, ஓடு போயிருக்கும், வீடு நின்னுச்சு.

பெரும்பாலான வில்லாக்கள கொன்னது குத்தகையும் வேலைக்காரி சம்பளமும். 1850, 60கள்ல நிறைய நிலம் 99 வருஷ லீஸ்ல கட்டினது. முதல் உலகப் போருக்கு அப்புறம் வேலைக்கு ஆள் கிடைக்கல, பதினோரு ரூம நிலக்கரி போட்டு சூடு பண்ண கட்டுப்படி ஆகல, வீட்ட ரூம் ரூமா வாடகைக்கு விட்டாங்க, இல்ல நர்சிங் ஹோம், பள்ளிக்கூடம்னு ஆக்கினாங்க. லீஸ் முடியற நேரம் 1950கள்ல வந்துச்சு, வீடு பஞ்சமும் அப்போ தான், ஒரு வில்லா எடத்துல முப்பது ஃப்ளாட் கட்டலாம்னா யாரு விடுவா? டல்லிச் எஸ்டேட் அப்படித் தான் சிட்னம் ஹில் பக்கத்து வில்லா நிலங்கள வேட்ஸ்ங்கற கட்டுமான கம்பெனிய வச்சு மாத்திக் கட்டினாங்க. சில தோட்டம் காடாவே ஆயிடுச்சு. சிட்னம் ஹில் வுட் போனீங்கன்னா நடுக்காட்டுல தி ஹூங்கற வில்லாவோட தோட்டத்துல அலங்காரத்துக்குக் கட்டின போலி இடிபாடு நிக்கும், வீடு போயி இடிபாடு மட்டும் மிஞ்சின கூத்து அது. ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு பேச்சுப் பயிற்சி கொடுத்த லயனல் லோக் குடியிருந்த பீச்குரோவும் அந்த வரிசையில தான் இருந்துச்சு, அதுவும் இப்ப இல்ல.

வருஷத்த நெருக்கிப் பிடிக்க போருக்கு அப்புறம் வந்த 1:1250 மேப்ப ஒண்ணுக்கு மேல பதிப்பு எடுத்து ஒப்பிடுங்க, அப்புறம் அந்த பரோவோட (லண்டனோட உள்ளாட்சிப் பகுதி) லோக்கல் ஆர்கைவ்ஸ்ல கவுன்சில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு. என்னோடது 1950களோட முதல் மேப்ல இருக்கு, அடுத்த மேப்ல மூணு நீளப் பெட்டி.

படி 9: போய் நில்லுங்க

குளிர்காலத்துல போங்க, இலை உதிர்ந்தா தான் மதிலும் தூணும் தெரியும். போட்டோவ பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போய் மதிலோட சரிவ பொருத்திப் பாருங்க. அடுத்தவங்க எடம், கேட்டுட்டு உள்ள போங்க.

கேட் தூண் ஒண்ணு இன்னும் இருக்கு, குப்பைத் தொட்டிய சங்கிலி போட்டு அதுல கட்டி வச்சிருக்காங்க. சிமெண்ட் பூசிட்டதால எழுத்து இல்ல. மரம் இருக்கு. போட்டோல மாடி ஜன்னல் உசரம், இப்ப மூணு மாடி ஃப்ளாட்ட தாண்டி நிக்குது. குப்பை போட வந்த ஒரு அம்மா என்ன பாத்து கவுன்சில் ஆளுன்னு நினைச்சுக்கிட்டு, 'இத எப்ப வெட்டப் போறீங்க, இலை முள்ளு மாதிரி விழுந்து புள்ளைங்க கால்ல குத்துது'ன்னு சத்தம் போட்டாங்க. போட்டோவ காட்டினேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, 'என் கிச்சன் அந்த பே விண்டோ கிட்ட வருமா?'ன்னு கேட்டாங்க. மரத்துல இருந்து அடி எண்ணிப் பாத்தோம், கிட்டத்தட்ட வருது.

படி 10: எழுதி வைங்க

அதே எடத்துல நின்னு இன்னொரு போட்டோ எடுங்க. பழசோட ஸ்கேன லோக்கல் ஆர்கைவ்ஸுக்கு கொடுங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு பக்கம் சேத்து. அட்டைய ஆசிட் இல்லாத கவர்ல போடுங்க. அதுக்கு முந்தி பின்பக்கத்துல மெல்லிசான பென்சில்ல, அழுத்தாம எழுதணும், பால் பாயின்ட் பேனா முன்பக்கம் வரைக்கும் பள்ளம் விழ வைக்கும்.

நான் எழுதினது: 'தி லைம்ஸ், சிட்னம். தெற்கு பாத்த முகப்பு, மத்தியானத்துக்கு மேல எடுத்தது, 1895. நாய் பேர் தெரியல. மரம் இருக்கு.'